ஐவிக்குப் போட்ட சந்தன மாலை

ஜூலியட் வாயில் நான்கு திருகாணிகளைக் கவ்விக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். இடது கை சட்டத்தைத் தாங்கியிருந்தது. வலது கை அதன் தலையில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவுக்கு வரும்வரை படத்தை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தது. அடையாறில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளம் அது. கார் நிறுத்துகிற இடத்தையும் முன்னறையையும் ஒன்றாக்கி வெள்ளையடித்து, ஓவியக் கண்காட்சிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். மறுநாள் சனிக்கிழமை மாலை திறப்பு.

நான் போனது ஒரு விஷயம் கேட்க. அவள் அக்கா ஐவியை ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு அழைத்து வருவது என்று தெரிய வேண்டும். பெருங்குடியில் ஐவி இருக்கும் மனநலக் காப்பகத்தில், ஓய்வு பெறும்வரை பெண்கள் பிரிவைப் பார்த்துக்கொண்டவள் நான். இன்றைக்கும் அங்கிருந்து யாரையாவது வெளியே கூட்டிப்போக வேண்டுமென்றால் எனக்குத்தான் போன் வரும்.

ஜூலியட் திருகாணிகளை ஒவ்வொன்றாக வாயிலிருந்து எடுத்தாள். காலையிலேயே வந்துவிடுங்கள், நாங்கள் திறப்பதற்கு முன்னால், கூட்டம் இருக்காது என்றாள். ஐவிக்குக் கூட்டம் ஆகாது. யோசித்துத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நானும் சரி என்று வந்துவிட்டேன்.

ஜூலியட்டின் பயம் கூட்டத்தைப் பற்றியதே அல்ல. அவள் ஓவிய ஆசிரியையாக இருக்கும் மயிலாப்பூர் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ஐவி இறந்துபோனவள். பத்து வருஷத்துக்கு மேலாக ஜூலியட் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தாள். கண்காட்சிக்கு வரப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பள்ளிக்கூடத்துக்காரர்கள். இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவளே சொன்னாள்.

ஜூலியட் சாந்தோமில் பிறந்து வளர்ந்தவள். அப்பா அல்போன்ஸ் துறைமுகத்தில் குமாஸ்தா. அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா போய்விட்டாள். ஆறு வயது மூத்த ஐவிதான் அவளுக்குப் பின்னல் போட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம். ஐவி கோயில் பாடற்குழுவில் பாடுவாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, யாரோ தன்னிடம் பேசுகிறார்கள் என்றாள். கொஞ்ச நாளில் பதிலும் பேச ஆரம்பித்தாள். அல்போன்ஸ் முதலில் ஜெபக் கூட்டம் ஜெபக் கூட்டமாக அலைந்தார். பிறகு டாக்டரிடம் போனார். மருந்து கேட்டது. ஆனால் கொஞ்சம் தெளிந்ததும் அவள் மாத்திரையை நிறுத்திவிடுவாள், மறுபடி தொடங்கும். இப்படிப் பல வருஷம் இழுத்த பிறகு பெருங்குடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். உறவுக்காரர்களிடம் பெரியவள் பெங்களூரில் கன்னியர் மடத்தில் இருக்கிறாள் என்று சொன்னார். ஆக, பொய் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. ஜூலியட் அதற்கு மேல் ஒரு படி போனாள், அவ்வளவுதான்.

அல்போன்ஸ் இறந்த மறு வருஷம் அவள் சாந்தோம் வீட்டைக் காலி செய்து ராஜா அண்ணாமலைபுரத்துக்குக் குடிவந்தாள். புதுப் பள்ளிக்கூடத்தில் வேலை. ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலி ஜானகியுடையது. தமிழாசிரியை, மயிலாப்பூர்க்காரி, நல்ல மனுஷி, எதையும் கேட்காமல் விட மாட்டாள். முதல் நாளே சாப்பாட்டு வேளையில், கூடப் பிறந்தவர்கள் யார் என்று கேட்டிருக்கிறாள். ஒரு அக்கா, இறந்துபோய்விட்டாள் என்று ஜூலியட் சொல்லியிருக்கிறாள். என்ன ஆயிற்று என்றதற்கு மஞ்சள் காமாலை என்றாளாம். ஏன் மஞ்சள் காமாலை என்று நான் கேட்டேன். அன்றைக்குக் காலை பஸ்ஸில் அதற்கு மருந்து கொடுக்கும் இடத்தின் விளம்பரத்தைப் பார்த்தேன், அதுதான் வாயில் வந்தது என்றாள்.

ஜானகி டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாளாம். அதற்குப் பிறகு எப்படித் திருப்பிச் சொல்வது? ஒவ்வொரு வருஷமும் கல்லறைத் திருநாள் அன்று ஜானகி சாந்தோம் கோயிலுக்குப் போய் ஐவி பெயரில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்து சொல்வாள். ஜூலியட் தாங்க்ஸ் சொல்வாள். அந்த வாரம் பெருங்குடிக்கு வரும்போது ஐவிக்கு வழக்கத்தைவிட அதிகமாக வாங்கி வருவாள். ஐவிக்குச் சர்க்கரை இருக்கிறது, இத்தனை கேக் எதற்கு என்று நான்கூடத் திட்டியிருக்கிறேன்.

நான் பார்த்த வரையில் ஜூலியட் அக்காவைக் கைவிட்டவள் அல்ல. கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன் நம்பரை மாற்றிக்கொண்ட குடும்பங்களை நிறையப் பார்த்தவள் நான். இவள் ஞாயிறு தவறாமல் வருவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சம்பளம், அக்கா, படம், இந்த மூன்றுதான் அவள் வாழ்க்கை.

படங்கள் தொடங்கியதும் ஒரு நோயில்தான். முதுகுத் தட்டு விலகி மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, மேலே தெரிந்த மின்விசிறியையே திரும்பத் திரும்ப வரைந்தாள். வலி அதிகமான நாளில் இறக்கை கத்தி மாதிரி இருக்கும், குறைந்த நாளில் வாழையிலை மாதிரி. அவைதான் முதல் கண்காட்சி. இரண்டாவது துக்கத்தைப் பற்றியது. சாவு வீட்டு வாசலில் போடும் வாடகை நாற்காலிகள், ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் வியர்க்கும் தண்ணீர், கழற்றிப் போட்ட செருப்புக் குவியல். மனுஷர் யாரும் அதில் கிடையாது. பத்திரிகையில் நாலு வரி வந்தது.

மூன்றாவதுதான் இது, மனநோயைப் பற்றி. எங்கள் காப்பகத்துக்கு வரும்போதெல்லாம் ஐவியின் பக்கத்தில் உட்கார்ந்து வரைவாள். மாத்திரை போடும் சிறு பிளாஸ்டிக் கிண்ணம், மருந்தினால் நடுங்கும் விரல்கள், ஒட்ட வெட்டிய முடி, ஜன்னல் கம்பி. இதையெல்லாம் வெளியே மாட்டப்போகிறாயே, உன் அக்காவைக் கேட்டாயா என்று நான் ஒரு நாள் கேட்டேன். ஐவியே பதில் சொன்னாள். மாட்டட்டும், ஆனால் பல் தெரியக் கூடாது, மாட்டினதை எனக்குக் காட்ட வேண்டும் என்றாள். பல் பாதி போய்விட்டது அவளுக்கு. ஜூலியட் இரண்டுக்கும் ஒப்புக்கொண்டாள். அந்த வாக்கை நிறைவேற்றாமல் இருக்க அவளால் முடியவில்லை. ஜானகியிடம் முதலில் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்றே சனிக்கிழமை வந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை திறப்புக்கு நான் போகவில்லை. நடந்தது இது. நடுச்சுவரில் ஐவியின் முகம், பெரிய படம், கீழே ‘அக்கா’ என்று மட்டும் எழுதியிருந்தது. ஜானகி கதர்க் கடையிலிருந்து ஒரு சந்தன மாலை வாங்கி வந்திருந்தாள், சீவல் சீவலாகச் சுருட்டிக் கட்டினது. யாரையும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? இறந்தவர் படம் சும்மா தொங்குகிறது, மாலை போட வேண்டும், போட்டாள். கீழே ஊதுவத்தியும் ஏற்றினாள். நம் ஊரில் யாராக இருந்தாலும் செய்வதுதான். பிறகு, மஞ்சள் காமாலைக்கு முன்னால் அக்காவுக்கு இப்படியொரு கஷ்டமும் இருந்திருக்கிறது, அதை ஊருக்குச் சொல்ல ஒரு தங்கைக்கு எவ்வளவு மனசு வேண்டும் என்று ரெண்டு வார்த்தை பேசி, எல்லோரும் ஒரு நிமிஷம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம் என்றாள். எல்லோரும் எழுந்தார்கள். ஜூலியட்டும் நின்றாள், தலையைக் குனிந்துகொண்டு. ஸ்டூல் மேல் ஏறி அந்த மாலையை அப்போதே இழுத்துப் போட்டிருக்க வேண்டும், கால் வரவில்லை என்றாள் என்னிடம்.

அன்றிரவு அவள் எனக்குப் போன் செய்து, ஐவியை இன்னொரு நாள் அழைத்து வரலாமா என்று கேட்டாள். நான் ஏன் என்று கேட்டேன். கொஞ்சம் வேலை என்றாள். ஐவி உடுப்பை எடுத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறாளாம், இப்போது மாற்றினால் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டாள், வார்டில் யாரையும் தூங்க விட மாட்டாள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சரி, முன்னதாகப் போய் மாலையை எடுத்துவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை ஐவி கடுகு மஞ்சள் நிறச் சுடிதார் போட்டு, பவுடரும் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். எங்களை எப்போதும் கூட்டிப் போகும் ஆட்டோக்காரர் அக்பர் பாஷாவுக்கு அவளை நன்றாகத் தெரியும்.

“இன்னாக்கா, சினிமா ஸ்டார் மாரி கீற. உன் படத்த பெருசா மாட்டிக்கீறாங்களாமே?”

“பல்லு தெரியாம வரைஞ்சிருக்கா. வந்து பாரு.”

“நான் எதுக்கு பாக்கணும். நேர்லதான் தெனம் பாத்துக்கினு கீறேன்” என்றார். அவள் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள். ஞாயிறு என்பதால் சாலை காலி. சொன்ன நேரத்துக்கு முன்பே போய்விட்டோம்.

ஜூலியட் எங்களுக்கும் முன்னால் வந்துவிட்டாள். ஆனால் ஜானகி அவளுக்கும் முன்னால் வந்திருந்தாள். வீட்டுக்காரரிடம் சாவி வாங்கித் திறந்து, நேற்றைய சாம்பலைத் துடைத்து, புதிதாக ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். சந்தனம் சட்டத்தில் கறையாகும், கழற்றிவிடுகிறேன் என்று ஜூலியட் சொல்லியிருக்கிறாள். ஒண்ணும் ஆகாது, இருக்கட்டும் என்று ஜானகி சொல்லிவிட்டாள். நாங்கள் உள்ளே நுழைந்தபோது இருவரும் அந்தப் படத்துக்குக் கீழேதான் நின்றிருந்தார்கள்.

ஐவி அவர்களைக் கவனிக்கவில்லை. கதவருகே இருந்த முதல் படத்திலிருந்து வரிசையாகப் பார்த்து வந்தாள். கிண்ணத்தைப் பார்த்து, சாயங்கால மாத்திரை என்றாள். ஜன்னலைப் பார்த்து, கொசுவலை கிழிந்த இடத்தை விட்டுவிட்டாயே என்றாள். விரல்கள் இருந்த படத்தின் முன்னால் தன் கையை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தாள். ஜானகி அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், திரும்பிச் சுவரைப் பார்த்தாள். கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது.

அப்போதுதான் எனக்கும் மாலை கண்ணில் பட்டது. ஐவியை வெளியே கூட்டிப் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். இழுத்தால் பயந்துவிடுவாள். பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

ஐவி நடுச்சுவருக்கு வந்து நின்றாள். மாலையைப் பார்த்தாள், ஊதுவத்தியைப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை. பஸ் எப்போது வரும் என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள்.

“நான் எப்போ செத்தேன், ஜூலி?”

ஜூலியட் பதில் சொன்னாள். அதற்காகவாவது அவளை மெச்ச வேண்டும். சாக்குச் சொல்லவில்லை, ஜானகி தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று தள்ளிவிடவில்லை.

“அப்பா போன அடுத்த வருஷம்.”

“என்ன வந்து?”

“மஞ்சக்காமாலை.”

“எனக்கு மஞ்சக்காமாலையே வந்ததில்லையே” என்று ஐவி என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் தலையாட்டினேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். அவளுக்கு யோசிக்க நேரமாகும், ஆனால் யோசித்து முடிப்பாள்.

“அப்போ அப்பா செத்தப்போ நான் உயிரோடதான் இருந்திருக்கேன். அடக்கத்துக்கு ஏன் கூப்பிடலை?”

ஜூலியட் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அல்போன்ஸ் இறந்த செய்தியை ஐவிக்கு ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னார்கள். எல்லாம் அவசரமாக நடந்துவிட்டது என்று சொன்னதாக எனக்கு ஞாபகம். இப்போது ஜூலியட் அதைச் சொல்லவில்லை. உறவு முழுக்க வந்திருந்தார்கள், எல்லோருக்கும் நீ பெங்களூரில் கன்னியாஸ்திரி, நீ வந்தால் அப்பா சொன்னது பொய்யாகிவிடும் என்றாள். அப்புறம் நிறுத்தி, அதுவும் இல்லை என்றாள்.

“கோயில்ல நீ சத்தம் போடுவேன்னு பயந்தேன்க்கா.”

“போட்டிருப்பேன்தான்” என்றாள் ஐவி. “அப்பா செத்தா சத்தம் போடக் கூடாதா?”

வெளியே அக்பர் பாஷா யாரிடமோ கிரிக்கெட் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஐவியை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தேன். நாடியைப் பார்த்தேன். கொஞ்சம் வேகம், பயப்படும்படி இல்லை. நாடி பார்க்க வேண்டியது தரையில் உட்கார்ந்திருந்தவளுக்குத்தான்.

ஜானகி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி மாலையைக் கழற்றினாள். ஐவி அதை மோந்து பார்க்கக் கை நீட்டினாள். ஜானகி கொடுக்கவில்லை. “வேண்டாம், நீங்க தொடாதீங்கோ” என்று சொல்லிச் செய்தித்தாளில் சுருட்டித் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். ஊதுவத்தியைத் தண்ணீரில் நனைத்து அணைத்தாள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஜூலியட் பக்கம் திரும்பினாள்.

“நேத்திக்கு எல்லாரையும் எழுப்பி நிக்க வெச்சேனே. நீயும் என் பக்கத்துலதானேடி நின்னே.”

ஜூலியட் ஆமாம் என்றாள்.

“நன்னா இருக்கு. உயிரோட இருக்கறவாளுக்கு வருஷா வருஷம் மெழுகுவத்தி ஏத்திண்டிருந்திருக்கேன். என்னை மாதிரி அசடு உண்டா?”

அசடு நீங்கள் இல்லை என்று ஜூலியட் ஆரம்பித்ததை அவள் கேட்டுக்கொள்ளவில்லை. ஐவியிடம் போய், என்ன சாப்பிட்டீர்கள், இட்லி சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். தன் பையிலிருந்த டப்பாவைத் திறந்து கொடுத்தாள். ஐவி நாலு இட்லி சாப்பிட்டாள், மிளகாய்ப்பொடியில் எண்ணெய் போதாது என்றாள். ஜானகி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எல்லாப் படங்களையும் பற்றிக் கேட்டுக்கொண்டாள். ஜூலியட்டோடு ஒரு பேச்சும் இல்லை. மற்றவர்கள் வர ஆரம்பித்ததும் கிளம்பினாள். செருப்பை மாட்டிக்கொண்டே, ஸ்கூலில் நீயே சொல்லிவிடு, நான் சொல்ல மாட்டேன் என்றாள்.

வந்தவர்களில் சிலர் படத்தையும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். நேற்று எழுந்து நின்றவர்களாக இருக்க வேண்டும். ஒருத்தி ஜூலியட்டிடம் போய் ஏதோ கேட்டாள். இவள் வெளுத்த முகத்தோடு, இவர்தான் என் அக்கா, இறந்துவிட்டதாக நான் சொன்னது பொய் என்றாள். ஒவ்வொருவர் கேட்டபோதும் அதையே சொன்னாள். சிலர் தோளைத் தட்டினார்கள். ஒருத்தர் பாதிப் படங்களைப் பார்த்ததோடு வெளியே போய்விட்டார். தட்டியவர்களைவிட அப்படிப் போனவர்தான் அவளுக்குச் சமாதானமாக இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. தண்டனை கிடைக்காத குற்றம் மனுஷரை உட்கார விடாது. அதை வார்டில் பார்த்திருக்கிறேன், நோயாளிகளிடம் அல்ல, அவர்களைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம்.

மத்தியானம் கிளம்பும்போது ஐவி ஒன்றுதான் கேட்டாள். அப்பாவை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றாள். அத்தனை வருஷத்தில் அவளை யாரும் அங்கே கூட்டிப் போனதில்லை. கியூபிள் ஐலண்ட் கல்லறைத் தோட்டத்தில் என்றாள் ஜூலியட். அது எங்கே இருக்கிறது என்று கேட்டாள் ஐவி. ஜூலியட்டின் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். அதை அவள் வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை காலை ஜூலியட் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து விடுப்புக் கேட்டாள். என்ன காரணம் என்றதற்கு, அக்காவை அப்பா கல்லறைக்குக் கூட்டிப் போகிறேன் என்றாள். எந்த அக்கா என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். எனக்கு ஒரே அக்காதான், உயிரோடு இருக்கிறாள், நாளைக்கு வந்து ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.

டாக்டரிடம் நானே கேட்டேன். காலை மருந்து கொடுத்துவிட்டுக் கூட்டிப் போங்கள், கூடவே இருங்கள் என்றார். அக்பர் பாஷா வந்தார். பெருங்குடியிலிருந்து மந்தைவெளிக் கல்லறைத் தோட்டம் வரைக்கும் நெரிசல்.

அல்போன்ஸின் கல்லறை சிமெண்ட் பூசியது, பக்கத்தில் இருந்த வேப்பமரத்தின் இலைகள் மேலே கிடந்தன. ஐவி பெயரைத் தடவிப் படித்தாள். அடக்கத்தில் எல்லோரும் மண் போடுவார்களே, நான் போடவில்லையே என்றாள். ஓரமாகக் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துச் சிமெண்ட் மேல் போட்டாள். இன்னொரு பிடி. மூன்றாவது பிடியைப் போடாமல் கையில் வைத்துக்கொண்டே அப்பா என்று கத்தினாள். சாதாரணக் கத்தல் இல்லை. பாடினவளாயிற்றே, அந்தக் குரல் இன்னும் உள்ளே இருந்திருக்கிறது. வேப்பமரத்துக் காக்கைகள் கிளம்பிப் போய்விட்டன. தூரத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் ஓடி வந்தார்.

ஜூலியட்டின் கை ஐவியின் வாய்ப் பக்கம் போனது. பழக்கம். போன கை பாதியில் நின்று, அக்காவின் முதுகுக்கு இறங்கியது.

“இன்னாமா ஆச்சு?” என்றார் அந்த ஆள்.

“எங்க அக்கா. அப்பாவுக்கு அழறாங்க” என்றாள் ஜூலியட்.

அவர் கல்லில் இருந்த தேதியைப் படித்தார். திரும்பிப் போய் ஒரு குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஐவி ஓயும்வரை நாங்கள் அங்கேயே நின்றோம். பிறகு இலைகளைக் கூட்டித் தள்ளிவிட்டு, மூன்று பேருமாகக் கல்லைக் கழுவினோம்.